மிக்கி மாநாடு: மருந்து வேதியியல் மாணவர் எதற்காகப் போகலாம், எதைக் கையில் கொண்டுபோகலாம்

அமெரிக்காவின் நடுமேற்கில் மருந்து வேதியியலில் முனைவர் பட்டம் படிப்பவர், தன் சேர்மங்களைப் பற்றி முதன்முதலில் எந்த மேடையில் பேசலாம் என்று கேட்டால் தயங்காமல் மிக்கி என்று சொல்லிவிடலாம். மினசோட்டா, இல்லினாய், கான்சஸ், அயோவா ஆகிய மாநிலங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வந்த பெயர் அது. விஸ்கான்சின் சேர்ந்த பிறகு கடைசியில் ஒரு ‘டபிள்யூ’வும் ஒட்டிக்கொண்டது. ‘மீட்டிங் இன் மினியேச்சர்’ என்ற பின்னொட்டு, இது சிறிய மாநாடு என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. 1960களில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று முறைவைத்து வசந்த காலத்தில் நடத்துகிறார்கள். நடத்துபவர்கள் முனைவர் பட்ட மாணவர்கள். கட்டுரைச் சுருக்கங்களை வாங்குவது, நிறுவனங்களிடம் நன்கொடை கேட்பது, அரங்கு பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது என எல்லாம் அவர்கள் தலையில்தான். மேடையில் பேசுபவர்களிலும் போஸ்டர் அருகே நிற்பவர்களிலும் பெரும்பாலோர் மாணவர்களே. பேராசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தேசிய மாநாட்டுக்குப் போனவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். அங்கே ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். முதலாண்டு மாணவரின் போஸ்டர் ஆயிரம் போஸ்டர்களுக்கு நடுவே கரைந்துபோகும். இங்கே பக்கத்து மாநிலத்தில் அதே வகை அஸ்ஸேயை (சேர்மத்தின் செயலை அளக்கும் சோதனையை) ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் முன் நின்று, “உங்கள் நேர்மறைக் கட்டுப்பாட்டுச் சேர்மம் எது?” என்று, அதாவது வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த எந்தச் சேர்மத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று, கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே பயணச் செலவைச் செய்யலாம்.

சிறிய மாநாடு என்பதால் இந்த வட்டாரத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததன் காரணத்தைத் தேடிப்போய் இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலையும், பிறகு வார்ஃபரினையும் கண்டது விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம். எச்.ஐ.வி. மருந்தான அபகாவிர் மினசோட்டாவில் ராபர்ட் வின்ஸின் ஆய்விலிருந்து வந்தது; 1998இல் ஒப்புதல் பெற்றது. 2006இல் ஒப்புதல் பெற்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான டருனாவிரின் வேர், அருண் கோஷ் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது செய்த வேலையில் இருக்கிறது. தகேரு ஹிகுச்சி 1967இல் விஸ்கான்சினிலிருந்து கான்சஸுக்குப் பெயர்ந்தார். மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் வேதியியலுக்கு அங்கே ஒரு பள்ளியே உருவானது. இரத்த நாளத்தில் ஏற்றும்போது வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் தரும் தொல்லையைத் தீர்க்க வந்த முன்மருந்து (உடலுக்குள் போனபின் மருந்தாக மாறும் சேர்மம்) ஃபாஸ்ஃபெனிடாயின் அந்தப் பள்ளியின் விளைச்சல்தான். இந்த மரபில் பயின்றவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது மேலோட்டமான உரை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

உரைக்கு 15 நிமிடம் தந்தால் 12 நிமிடம் பேச்சுக்கு, 3 நிமிடம் கேள்விக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சிலைடுகள் போதும், 12க்கு மேல் வேண்டாம். மாணவர் உரைகளில் அடிக்கடி நடக்கும் தவறு, நோயைப் பற்றிய முன்னுரையிலேயே 5 நிமிடத்தைத் தீர்ப்பது. அவையில் இருப்பவர்கள் எல்லாரும் துறைக்காரர்கள். புற்றுநோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இலக்குப் புரதம், அதில் மருந்து உட்காரும் இடம், இதுவரை வந்த சேர்மங்களின் குறை ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடத்தில் முடித்து, தொடக்கச் சேர்மத்தின் கட்டமைப்பைத் திரையில் போட்டுவிடுங்கள்.

உரையின் உயிர் கட்டமைப்பு–செயல்பாட்டுத் தொடர்பில், அதாவது மூலக்கூறின் எந்தப் பகுதியை மாற்றினால் வீரியம் எப்படி மாறுகிறது என்பதில் இருக்கிறது. ஆய்வேட்டிலிருந்து 30 சேர்மங்களின் அட்டவணையை அப்படியே ஒட்டினால் மூன்றாம் வரிசையில் இருப்பவருக்கே எழுத்து தெரியாது. ஒரு சிலைடுக்கு 6 முதல் 8 சேர்மங்கள் போதும். மாறாத பகுதியைக் கருப்பிலும் மாறும் தொகுதியை ஒரே நிறத்திலும் காட்டுங்கள். ஐ.சி. 50 மதிப்பை (இலக்கின் செயலைப் பாதியாக்கும் செறிவு; குறைந்தால் வீரியம் அதிகம்) 37.46 நானோமோலார் என்று எழுதுவது தன் அஸ்ஸேயைப் புரிந்துகொள்ளாததன் அடையாளம். 37 போதும், எத்தனை தடவை செய்த சோதனை என்பதைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். பெரும்பாலான உயிர்வேதி அஸ்ஸேக்களில் இரண்டு மடங்கு வேறுபாடு வெறும் இரைச்சலாகவே இருக்கலாம். 40 நானோமோலார் சேர்மத்தைவிட 25 நானோமோலார் சேர்மம் சிறந்தது என்று கதை கட்டினால் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

இன்னொரு ஊர் ஆய்வகத்தின் ஐ.சி. 50யோடு உங்களுடையதை ஒப்பிடும்போது இருமடங்கு கவனம் வேண்டும். தளப்பொருளின் (நொதி வினைபுரியும் பொருளின்) இடத்துக்கே போட்டியிடும் போட்டித் தடுப்பியாக இருந்தால், தளப்பொருளின் செறிவைச் சாராத தடுப்பு மாறிலி என்பது, ஐ.சி. 50யை, ஒன்றுடன் தளப்பொருளின் செறிவுக்கும் மைக்கேலிஸ் மாறிலிக்கும் (நொதி பாதி வேகத்தில் ஓடும் தளப்பொருள் செறிவு) உள்ள விகிதத்தைக் கூட்டிவரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. தளப்பொருளின் செறிவு மைக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக இருந்தால் தடுப்பு மாறிலி ஐ.சி. 50யில் பாதி. ஏ.டி.பி.யைத் தளப்பொருளாகக் கொள்ளும் நொதிகளான கைனேஸ்களின் வேலையில் ஒருவர் 10 மைக்ரோமோலார் ஏ.டி.பி.யிலும் இன்னொருவர் 1 மில்லிமோலாரிலும் அளந்திருந்தால் இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது.

வீரியத்தை மட்டும் காட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். கொழுப்பு நாட்டத்தைக் கழித்தபின் எது நிற்கிறது என்று பாருங்கள். 30 நானோமோலார் சேர்மத்தின் ஐ.சி. 50யை மோலாரில் எழுதி எடுத்த எதிர்மடக்கை மதிப்பு சுமார் 7.5. அதன் கொழுப்பு நாட்டத்தைக் காட்டும் லாக் டி 5 என்றால் மிச்சம் 2.5. 300 நானோமோலார் சேர்மத்துக்கு 6.5, லாக் டி 2.5 என்றால் மிச்சம் 4. வீரியத்தில் பத்து மடங்கு பின்தங்கிய இரண்டாவது சேர்மம்தான் மேலே கொண்டுபோகத் தகுந்தது. முதலாவது எண்ணெய்ப்பசையால் மட்டுமே புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கணக்கை ஒரு பத்தியாக அட்டவணையில் சேர்த்துவிட்டால், முன்வரிசை நிமிர்ந்து உட்காரும்.

கேள்வி நேரத்துக்கு மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். முதலாவது தூய்மை: சோதித்த ஒவ்வொரு சேர்மமும் எச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்துத் தூய்மையை அளக்கும் முறையில்) 95 சதவீதமா? இரண்டாவது திரட்சி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த 10 மில்லிமோலார் கரைசலிலிருந்து நீர்த்த பஃபருக்குள் இறங்கும்போது பல சேர்மங்கள் நுண்திரள்களாகி நொதியை விழுங்கிவிடும். அப்போது தெரியும் ‘தடுப்பு’ பொய். 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப் பொருளைச் சேர்த்து மறுபடி அளந்து, தடுப்பு மறைந்துபோகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது, பேல், ஹாலோவே இருவரும் 2010இல் பட்டியலிட்ட ‘பெயின்ஸ்’ தொகுதிகள். ரோடனின், கேட்டகால், குயினோன் போன்றவை எந்த அஸ்ஸேயில் போட்டாலும் வேலை செய்வதுபோல் காட்டும். உங்கள் தொடரில் அவை இருந்தால் நீங்களே முந்திச் சொல்லி, எந்தச் சோதனையால் அந்தச் சந்தேகத்தை நீக்கினீர்கள் என்று காட்டுங்கள்.

நம் ஊரில் பி.பார்ம் முடித்துப் போகிறவர்கள் இந்த மூன்றாவதை விசேஷமாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டில் குர்குமினைத் தொட்டு வந்தவர்கள் நிறையப் பேர். மஞ்சளின் அந்த மஞ்சள் நிறச் சேர்மத்தைப் பற்றி 2017இல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’யில் வந்த விரிவான ஆய்வுரை மினசோட்டா, சிகாகோ ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதியது. நிலைப்பில்லாதது, எதனோடும் வினைபுரிவது, வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் எட்டாதது என்று அதில் வரிசையாக நிறுவியிருக்கிறார்கள். மிக்கியின் வட்டாரமே அதுதான். குர்குமின் ஒப்புமைச் சேர்மங்களோடு அங்கே மேடையேறுகிறவர், பஃபரில் அதன் அரைவாழ்வைத் தாமே அளந்துவிட்டுப் போவது நல்லது.

போஸ்டர் விஷயத்தில் பெரும்பாலும் நேர்வது அச்சுக்கடைப் பிரச்சினை. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் அளவு 48க்கு 36 அங்குலம். கட்டமைப்பு வரையும் மென்பொருளான கெம்டிராவில் ஏ.சி.எஸ். (அமெரிக்க வேதியியல் சங்க) ஆவண அமைப்பில் வரைந்தால் ஒரு பிணைப்பின் நீளம் 14.4 புள்ளி, அதாவது அரை சென்டிமீட்டர்தான். போஸ்டரில் அதை மூன்று, நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும். எல்லாக் கட்டமைப்புகளையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். ஒரு பென்சீன் வளையம் பெரிதாகவும் பக்கத்து வளையம் சிறிதாகவும் இருந்தால் கண்ணை உறுத்தும். திரையைப் படம்பிடித்து ஒட்டாதீர்கள், விளிம்புகள் பல்லிளிக்கும். மேக்கில் ஒட்டிய கட்டமைப்பு விண்டோஸில் திறக்கும்போது உருமாறிப்போகக்கூடும். பிடிஎஃப் ஆக்கி, அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு ஆப்புப் பிணைப்பையும் (முப்பரிமாணத் திசையைக் காட்டும் முக்கோணக் கோட்டையும்) விரல் வைத்துச் சரிபாருங்கள். கைரல் மையம் ஒன்று தலைகீழாகிப்போன போஸ்டர் முன் இரண்டு மணி நேரம் நிற்பது கொடுமை. உடல் எழுத்து 28 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். துணியில் அச்சிட்டால் மடித்துப் பையில் வைக்கலாம். விமானத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்கவேண்டியது காப்புரிமை. மாணவர் மாநாடு என்றாலும் அது பொது வெளிப்பாடுதான். அமெரிக்கச் சட்டம் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டுச் சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அது கிடையாது. மேடையில் கட்டமைப்பைக் காட்டிய மறுநாளே ஐரோப்பிய உரிமை போய்விடக்கூடும். கட்டுரைச் சுருக்கம் அச்சாகி வெளிவருவதும் வெளிப்பாடே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே சுருக்கத்தை அனுப்புவதற்குச் சில வாரங்கள் முன்பே வழிகாட்டியிடமும் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிம அலுவலகத்திடமும் பேசுங்கள். தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். அதற்கு நேரமில்லை என்றால் வெளியான சேர்மங்களை மட்டும் வைத்துப் பேசுங்கள். கட்டமைப்பை மறைத்து ‘ஆர்’ என்று மட்டும் போட்டுப் பேசுவது மருந்து வேதியியல் அவையில் எடுபடாது. கேட்பவருக்குக் கற்க எதுவும் இருக்காது.

பயணம் பற்றிச் சுருக்கமாக: அயோவா சிட்டியிலிருந்து சிகாகோ மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம், கான்சஸின் லாரன்ஸிலிருந்து மினியாபொலிஸ் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. துறையிலிருந்து வேன் போனால் அதில் ஏறிக்கொள்வதுதான் நல்லது. வழியில் மூத்த மாணவர்கள் உங்கள் உரையை இரண்டு தடவை கேட்டுவிடுவார்கள். ஏப்ரலில்கூட மினசோட்டாவில் பனி பெய்யும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவுப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மதியப் பெட்டியில் வான்கோழி சாண்ட்விச்தான் இருக்கும்.

இந்த மாநாட்டு முறையின் பலவீனமும் அதன் பலத்திலிருந்தே பிறக்கிறது. ஆண்டுதோறும் ஊர் மாறுவதால் அமைப்பாளர்களும் மாறுகிறார்கள். மறுபடி முறை வரும்போது முன்பு நடத்தியவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். சேர்த்த அனுபவம் அவர்களோடு போய்விடுகிறது. மாணவர்கள் ஒருவரையொருவர் கடிந்து கேட்கத் தயங்குவதும் உண்டு. அமர்வுத் தலைவர் ஒவ்வொரு உரைக்கும் ஒரு கடினமான கேள்வியைக் கையில் வைத்திருந்தால் அந்த மௌனம் உடையும்.

பரிசுக்கான மதிப்பீட்டில் அமைப்பாளர்கள் கவனிக்கவேண்டியவை சில. ஒரே அமர்வின் எல்லா உரைகளையும் அதே நடுவர்கள் கேட்க வேண்டும். பாதியில் ஆள் மாறினால் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. எந்தப் பேராசிரியரும் தன் மாணவருக்கு மதிப்பெண் போடக் கூடாது, அந்தக் கட்டம் தாளில் அடிக்கப்பட்டே வர வேண்டும். எண்களோடு இரண்டு வரிக் குறிப்பும் வாங்கி மாணவரிடம் சேர்த்துவிடுங்கள். பரிசு மூன்று பேருக்குத்தான் போகும். குறிப்பு எல்லாருக்கும் உதவும். போஸ்டர்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்களாகப் பிரித்து நேரம் ஒதுக்கினால், நிற்பவர்களுக்கும் மற்றவர்களின் போஸ்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அடுத்த ஊருக்கு ஒப்படைக்கும் கோப்பில் வாழ்த்துச் செய்தி எதற்கு? நன்கொடை தந்தவர்களின் அலுவலகத் தொடர்பு, எத்தனை சாப்பாட்டுக்குச் சொல்லி எத்தனை மிஞ்சியது, அரங்கை எத்தனை மாதம் முன்பு பிடித்தார்கள், எந்தக் கணினி இணைப்பு வேலை செய்யவில்லை, மதிப்பீட்டுத் தாளின் வெற்றுப் படிவம் ஆகியவை இருந்தால் போதும். பங்கேற்பாளர்களுக்குப் போகும் முதல் மடலிலேயே போஸ்டர் பலகையின் அகலம், உயரம் இரண்டையும் அங்குலத்தில் எழுதிவிடுங்கள்.