சிபயோபோர்ட்டல்: புற்றுநோய்த் தரவு ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு

கணினிவழிப் புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்கிறவர்களிடம், முதலில் சிபயோபோர்ட்டலைத் திறந்து ஒரு மாலை உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் உருவான, புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தரவை அலசிப் பார்க்கும் இணையக் கருவி அது. காசு கிடையாது, பொதுத் தளத்துக்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம்.

நுரையீரல் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) ஆய்வு ஒன்றைத் தேர்ந்து, கேராஸ், ஈஜிஎஃப்ஆர் என்ற இரண்டு மரபணுக்களைக் கொடுங்கள். ஆன்கோபிரிண்ட் படம் வரும்: மரபணுவுக்கு ஒரு வரிசை, நோயாளிக்கு ஒரு மெல்லிய கட்டம். ஒன்றில் பிறழ்வு, அதாவது மரபணு மாற்றம், நிற்கும் இடத்தில் மற்றது பெரும்பாலும் காலி. இரண்டும் செல்லை வளரச் சொல்லும் ஒரே சமிக்ஞைப் பாதையில் வருபவை. ஒன்று கெட்டாலே கட்டி வளரப் போதும். என் மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

பிறழ்வு உள்ளவர்களும் இல்லாதவர்களும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று காட்டும் உயிர்வாழ்வு வரைபடத்தில் மட்டும் கவனம் தேவை. இரண்டு கோடும் ஒரு பி மதிப்பும் (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இப்படியொரு இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு) சட்டென்று வந்துவிடும். ஆனால் வயது, நோயின் நிலை எதையும் அது சரிக்கட்டுவதில்லை. அப்படியே கட்டுரையில் ஒட்டி அனுப்பாதீர்கள். தரவை இறக்கி, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில், இவற்றையும் கணக்கில் எடுக்கும் காக்ஸ் பகுப்பாய்வு செய்யுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இதிலுள்ள டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். புகையிலை மெல்வதால் வரும் நம் நாட்டு வாய்ப்புற்றுநோய்க்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. புதிதாக வருகிறவர்கள் கைவைக்க வேண்டிய வேலை அங்கேதான் கிடக்கிறது.