கேஸ் அடுப்பு சர்வீஸ் என்று வாசலுக்கு வருபவர்கள்: ஓர் எச்சரிக்கை

மதுரையில் எங்கள் தெருவில் சென்ற மாதம், கேஸ் ஏஜென்சியிலிருந்து கட்டாயப் பரிசோதனைக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு இருவர் வீடு வீடாக ஏறி இறங்கினர். பகலில் தனியாக இருந்த என் மாமியாரிடம், டியூப் காலாவதியாகிவிட்டது, பர்னர் அடைத்திருக்கிறது, இப்படியே விட்டால் சிலிண்டர் வெடித்துவிடும் என்றெல்லாம் பயமுறுத்தி 1,800 ரூபாய் வாங்கிச் சென்றனர். ரசீது தரவில்லை.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுப்பில் அவர்கள் செய்துவிட்டுப் போன வேலையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. பர்னருக்கு வாயுவைச் செலுத்தும் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவே இருக்கும். அதன் வழியே சீறி வரும் வாயு, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கலப்பதால்தான் சுடர் நீலமாக எரிகிறது. தீ பெரிதாக வரும் என்று சொல்லி அந்தத் துளையைக் கம்பியால் குடைந்து அகலப்படுத்தியிருந்தனர். அன்று மாலையே சுடர் மஞ்சளாக நீண்டு எழுந்தது. குக்கரின் அடியெல்லாம் கரி பிடித்தது. காற்றுப் போதாமல் எரியும் சுடரிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளியாகும் என்பதால், ஜன்னல் சாத்திய சமையலறையில் இது உயிருக்கே உலை வைக்கக்கூடியது. குமிழ் இறுகியிருக்கிறதென்று வால்வில் சாதாரண மெஷின் எண்ணெயை வேறு விட்டிருந்தனர்; சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது அவ்விடத்தில் கொப்புளங்கள் கிளம்பின. கழற்றிப் போட்ட ஆரஞ்சு நிற டியூபில் அச்சிட்டிருந்த காலாவதி ஆண்டோ இன்னும் வரவில்லை; புதிதாக மாட்டியதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையே இல்லை.

ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சியை அழைத்தபோது, யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். அவர்களுடைய மெக்கானிக் வந்து ஜெட்டுகளையும் டியூபையும் மாற்றி, வால்வைக் கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் இட்ட பிறகே கசிவு நின்றது. கட்டாயப் பரிசோதனை என்பது உண்மையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏஜென்சியின் அங்கீகாரம் பெற்ற மெக்கானிக், புகைப்பட அடையாள அட்டையுடன் வந்து செய்து, கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். அந்த ஏற்பாட்டின் பெயரைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பர்னரைச் சுத்தம் செய்ய வெளியாள் தேவையே இல்லை. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பித்தளைத் தலையைக் கழற்றிப் புளி கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, அடைந்த துளைகளில் மட்டும் ஊசியால் அடைப்பை நீக்கினால் போதும். குத்துவிளக்கு துலக்கத் தெரிந்தவருக்கு இது பழகிய வேலைதான். ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகு, ஆடாமல் பொருந்தும்படி வைக்க வேண்டும். ஜெட்டிலும் வால்விலும் நாம் கைவைக்கக் கூடாது.

அந்த இருவரும் பக்கத்துத் தெருக்களில் இப்போதும் சுற்றுவதாகச் சொல்கிறார்கள். யார் வந்தாலும், உள்ளே விடும் முன் கேஸ் புத்தகத்திலுள்ள எண்ணில் ஏஜென்சியைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே வந்து போயிருந்து வாடை அடித்தால், மின் சுவிட்சுகளைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.