பிரசவ அறையும் சைலோசைபின் அமர்வும்: துணை இருப்பவரின் வேலை

சைலோசைபின் என்பது சில காளான்களில் உள்ள, மனநிலையையும் புலனுணர்வையும் மாற்றும் பொருள்; மனநல சிகிச்சை ஆய்வுகளில் அதைத் துணையோடு இருந்து கொடுக்கிறார்கள். பிரசவம், இந்த அமர்வு இரண்டிலும் வலியையோ பயத்தையோ துணை இருப்பவர் வாங்கிக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருந்து தாங்கலாம். கைக்குத்தான் வேலை வேறு.

மருத்துவச்சி அளந்துகொண்டே இருப்பார். முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். சுருக்கம் அடங்கியதும் ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். இடுப்பை அழுத்தித் தேய்ப்பதும் உதவிதான்; பிடிக்காவிட்டால் தாய் கையைத் தட்டிவிடுவார்.

ஆய்வுகளில் வழக்கமான 25 மில்லிகிராம் சைலோசைபினுக்கு அமர்வு 6 முதல் 8 மணி நேரம். இடையிடையே ரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவிர, பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பதே வேலை. தொடுதல்தான் சிக்கலான இடம். மருந்து ஏறியபின் சொல்லும் ‘சரி’யை நம்பக் கூடாது. கையைப் பிடிப்பதா, தோளைத் தொடுவதா என்று முன்தயாரிப்பு அமர்விலேயே பேசி, எழுதி, தொட்டும் காட்டிவிட வேண்டும். ஒத்துக்கொண்டதைக் குறைக்கலாம், கூட்டவே கூடாது.

பிரசவத்தில் பழகிய செவிலியர் இங்கே அவசரத்தால் தடுமாறுவார். அழுகை வந்ததுமே ஆறுதல் சொல்லத் தொடங்கினால், உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அறுந்துபோகும். ஆனால் அவருடைய கறார் இங்கே ரொம்பத் தேவை: மனநிலைக் கோளாறுக்கான லித்தியம் மருந்து எடுப்பவருக்கு சைலோசைபினும் சேர்ந்தால் வலிப்பு வரலாம், ஆகவே முதல் சந்திப்பிலேயே மருந்துப் பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும்.