பச்சை வாசம் பத்து நிமிடம்தான்

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கட்டுமா என்று நேற்று தோழி கேட்டாள். இரண்டரை வருடமாக நான் போடும் சென்ட் அது, 50 மில்லி பாட்டிலில் முக்கால்வாசி காலி, இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை.

அடித்ததும் வரும் அந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஈடே கிடையாது. குடைமிளகாயைக் கீறியதும் மூக்கில் ஏறுமே ஒரு பச்சை வாசம், அதுவும் பின்னாலேயே ஈரமான மல்லி மொட்டும். அப்புறம் எல்லாம் போய்விடுகிறது. மணிக்கட்டை முகர்ந்தால் துவைத்துக் காயப்போட்ட துணி வாசம், வெறும் மஸ்க் (கஸ்தூரி மாதிரியான வாசனைப் பொருள்), சாயங்காலம் வரை அதேதான்.

அத்தையின் பீரோவில் பழைய ஷனெல் நம்பர் 19 கிடைக்காமல் இருந்திருந்தால் இதற்கே பழகியிருப்பேன். அத்தை பாரிஸில் இருந்தபோது எண்பதுகளில் வாங்கியது. 1970இல் ஆன்றி ரொபேர் உருவாக்கிய சென்ட். இத்தனை வருடத்தில் மேல் வாசம் கெட்டு முதல் நிமிடம் லேசாகப் புளிப்படிக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காலையில் அடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் பச்சை நிற்கிறது! அந்தப் பச்சை கால்பனம் என்ற பிசினிலிருந்து வருவது, ஈரானில் விளையும் செடி, நம் பெருங்காயச் செடிக்குப் பங்காளி, குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசீன் என்ற வாசனை வேதிப்பொருள் இதிலும் உண்டு. முரட்டுக் கசப்பு. ஓரிஸ் என்கிற ஐரிஸ் பூச்செடியின் வேரும் வெட்டிவேரும் ஓக் பாசியும் கீழே நின்று அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. 1947இல் பல்மேன் என்ற பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்துக்காக ஜெர்மேன் செலியே செய்த 'வான் வேர்' என்ற சென்ட் கால்பனத்தை இன்னும் துணிச்சலாக அள்ளிப் போட்டது.

இன்றைக்குச் செய்பவர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஓக் பாசி நம் கல்பாசி மாதிரி ஒரு லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். அதில் இயல்பாகவே இருக்கும் அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்குத் தடை போட்டது. சென்ட் பட்டாலே என் தங்கைக்குக் கழுத்து தடித்துவிடும், அவளை நினைத்தால் அந்தத் தடை சரிதான். ஆனால் அந்த இரண்டையும் நீக்கிய பாசி கிடைக்கத்தான் செய்கிறது. என் பாட்டிலில் அதன் சுவடுகூட என் மூக்குக்குத் தெரியவில்லை. பச்சையைத் தாங்க அடியில் எதுவும் வைக்காமல் மஸ்க்கைக் கொட்டி மூடிவிட்டார்கள், இரண்டரை வருடமாக இதே எரிச்சல்.

வாங்காதே என்று தோழிக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை மழை விட்டதும் என் சென்ட்டை அடித்துக்கொண்டு கிளம்பினேன், பேருந்து வரும்வரை அந்தப் பச்சை கூடவே இருந்தது. இந்த பாட்டில் தீர்ந்தால் மறுபடி இதையேதான் வாங்குவேன், அதையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.