கன்று ஈன்ற மாட்டுக்குச் சோளத்தட்டு: வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அனுபவம்

கன்று ஈன்ற புதிதில் மாடு தீவனம் எடுப்பது குறைவு, பால் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதை ஈடுகட்ட எங்கள் கொங்குப் பக்கத்தில் முதல் வாரத்திலேயே அடர்தீவனத்தை (மாவு, குருணை, பிண்ணாக்கு) அள்ளி வைப்பார்கள், போதாததற்கு அரிசிக் கஞ்சி வேறு. எங்கள் கட்டுத்தரையில் கலப்பின மாடுகளுக்குச் சோளத்தட்டு (காய்ந்த சோளத் தண்டும் இலையும்) முதலில், அதைக் கொஞ்சம் தின்ற பிறகே அடர்தீவனம், அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. இதைப் பல ஈத்து பார்த்தாயிற்று.

தட்டில் இருக்கும் நார்தான் மாட்டை அசை போட வைப்பது, எல்லாம் அந்த அசையில்தான் இருக்கிறது. நன்றாக அசை போடும் பெரிய மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும், அதிலிருக்கும் பைகார்பனேட்தான் பெருவயிற்றுப் (மாட்டின் நான்கு வயிறுகளில் முதலாவது) புளிப்பை அடக்குவது. ஆப்பச்சோடா வாங்கிக் கலக்குகிறோமே, அதே சரக்குதான், மாடு சும்மாவே தருகிறது! பெருவயிற்றின் உள்சுவர் புதுத் தீவனத்துக்குப் பழக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மாவும் குருணையுமாக ஏற்றினால் சாணி தண்ணியாக, நுரையோடு விழும், அதில் மக்காச்சோளக் குருணை அரையாமல் கிடக்கும், பால் சொசைட்டியில் அளக்கும்போது பாலின் கொழுப்பும் இறங்கிவிடும். தட்டு சரியாகப் போனால் சாணி வட்டமாக, நடுவில் சின்னக் குழியோடு விழும். காலையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், அப்புறம் இடது பக்கப் பசிக்குழி, அதாவது கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். அது உள்வாங்கியே கிடந்தால் மாடு சரியாகத் தின்னவில்லை. கன்று இருந்த இடமும் காலி, பெருவயிறும் காலி என்றால் நான்காவது வயிறு இடம் மாறி இடப்பக்கம் ஏறிக்கொள்ளும். அதற்கு டாக்டர்தான் வர வேண்டும்.

தட்டை ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். மிஷினில் பொடியாக அரைத்தால் நார் இருந்தும் அசை வராது. ரொம்ப நீளமாக விட்டாலும் மாடு பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும்.

வைக்கோலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வயிறு நிறையும், சத்து கிடையாது, புரதம் 4 சதவீதம் இருந்தாலே பெரிது. பசி குறைந்த மாட்டுக்கு அதையே திணித்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து கீட்டோசிஸ் என்ற நோயில் போய் நிற்கும். இளசாக அறுத்த கோ-4 பசுந்தீவனப் புல் மட்டும் போட்டாலும் போதாது, அதில் பெரும்பகுதி தண்ணீர். தட்டோடு கொஞ்சம் கடலைக்கொடி சேர்த்தால் விரும்பித் தின்கிறது.

குறை என்றால் விலைதான். கோடையில் தட்டு கேட்கிற விலைக்கு வாங்க முடியாது, தை அறுவடையிலேயே வாங்கிப் போர் போட்டுவிட வேண்டும். போரின் அடியில் பூஞ்சை பிடித்ததை மட்டும் ஈன்ற மாட்டுக்குக் காட்டாதீர்கள்.