ஹார்ட் டிஸ்க்கே இல்லாத லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றினார்கள்

பிள்ளைகள் படிப்புக்கென்று விலை குறைவான சின்ன லேப்டாப் வாங்கியவர்கள், அதை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் ஒரு கடையில் எனக்கு 4,800 ரூபாய் போனது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

மெஷின் 11.6 இன்ச். 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி. இந்த ஈஎம்எம்சிதான் விஷயமே. ஃபைல்களைச் சேமித்து வைக்கும் சிப் அது, செல்போனில் இருப்பதுபோல போர்டிலேயே சால்டர் செய்திருக்கும். தனியாகக் கழற்றி மாட்ட டிஸ்க் என்று ஒன்று கிடையாது. எங்கள் மெஷினில் ராமும் அப்படித்தான். ஃபேனும் இல்லை, அதனால் ஆன் ஆகியிருந்தாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மகள் பட்டனை அழுத்தினால் பவர் லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. கடைக்காரர் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், திருப்பிப் போட்டு ஸ்டிக்கரைப் படித்தார், "பூட் ஆகலை சார், வச்சிட்டுப் போங்க" என்றார். சாயங்காலம் வாட்ஸ்அப் வந்தது: ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, போர்டுல ஒரு ஐசி (சின்ன சிப்) ஷார்ட், மொத்தம் 4,800. பில் கேட்டால், "பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்." பிறகு "ஹார்ட் டிஸ்க் மாத்தியாச்சு" என்று மெசேஜ் அனுப்பி, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் மகளின் ப்ராஜெக்ட் ஃபைல், வால்பேப்பர், பாதியில் விட்ட படம் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. புது டிஸ்க் போட்ட மெஷினில் இதெல்லாம் எப்படி வந்தது? போன் போட்டேன். "பழசுல இருந்து அப்படியே காப்பி பண்ணி ஏத்திட்டோம் சார்" என்றார். செத்துப்போன டிஸ்க்கிலிருந்து! சரி, பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றால், "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சு."

கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கறுப்பு ஸ்கிரீன். இந்த முறை தன் வீட்டிலேயே லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஆன் செய்து கொஞ்ச நேரம் விட்டு கேப்ஸ் லாக்கைத் தட்டினார். விளக்கு எரிந்தது, அணைந்தது. "அண்ணே, மெஷின் உயிரோடதான் இருக்கு, டிஸ்ப்ளேயைப் பாக்கணும்." ஹெச்டிஎம்ஐ வயரை டிவியில் சொருகினார், விண்டோஸ் வந்துவிட்டது. பிறகு மூடியை மெதுவாகச் சாய்த்தார். பாதி மூடினால் லேப்டாப்பிலேயே படம் வருகிறது, முழுக்கத் திறந்தால் போய்விடுகிறது. என் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றினார். பாதி இடத்துக்கு பேட்டரி, மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அவ்வளவுதான். டிஸ்க் வைக்க இடமே இல்லை. ஐசி மாற்றிய சால்டர் தடமும் இல்லை. ஹிஞ்சுக்குள் (மூடி திரும்பும் கீல்) போகும் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கி, தோல் உரிந்து கிடந்தது. முந்தைய கடையில் அதைக் கழற்றி மாட்டியபோது தற்காலிகமாக வேலை செய்திருக்கும் என்றார். புது கேபிளும் கூலியும் சேர்த்து 900. பழைய கேபிளைக் கையில் கொடுத்தார்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் புரிந்தது. டிஸ்க் போனால் பொதுவாக ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பாகாது. கம்பெனி லோகோ வரும், அதற்குப் பிறகுதான் பூட் டிவைஸ் (விண்டோஸ் ஏற வேண்டிய டிஸ்க்) இல்லை என்று எழுத்து வரும். லோகோவே வராத மெஷினைப் பார்த்து எடுத்த எடுப்பில் "டிஸ்க் போச்சு" என்று ஒருவர் சொன்னால், மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

லைட்டே எரியவில்லை என்றால் கதை வேறு. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜர் போட்டு முயன்று பாருங்கள். பல மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும். அடுத்து, அதே வோல்ட் உள்ள வேறு சார்ஜர். லைட் கணக்காக விட்டு விட்டு எரிந்தால் (டெல்லில் ஆரஞ்சும் வெள்ளையும், ஹெச்பியில் பெரும்பாலும் கேப்ஸ் லாக் விளக்கு) செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எந்தப் பாகத்தில் கோளாறு என்று மெஷினே சொல்லும் கணக்கு அது. கம்பெனி மேனுவலில் அர்த்தம் இருக்கும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாத எனக்கு இப்போதைக்கு ஆதாரம் ஜிபே ரசீதும், "ஹார்ட் டிஸ்க் மாத்தியாச்சு" என்று அவர்களே அனுப்பிய மெசேஜும்தான். இதே மாதிரி கடையில் கொடுத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் கடைக்காரர் அனுப்பிய மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.