பாவிச்ச ஐபோன் வாங்கப் போறவங்க ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க: என்ட 138,000 ரூபா போன கதை

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 138,000 ரூபா. காசாக, எண்ணி, மேசையில் வைத்துக் கொடுத்தது. சீட்டு எடுத்த காசு. அந்தக் காசுக்கு இப்போது என்னிடம் இருப்பது ஒரு ஐபோன். ஒன் பண்ணினால் ‘ரிமோட் மனேஜ்மென்ட்’ என்று ஒரு திரை வருகிறது. அமெரிக்காவில் உள்ள ஏதோ ஒரு கொம்பனியின் பெயர் போட்டு, இந்த போனை அவர்கள்தான் நிர்வகிக்கிறார்கள் என்கிறது. கீழே யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது. அதைத் தாண்டிப் போக ஏலாது. கோல் எடுக்க ஏலாது, படம் பிடிக்க ஏலாது.

கடையின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் லோயர் கடிதம் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். காலி வீதியில் ஒரு சொப்பிங் கொம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கிறது. இரவில் லைவ் போட்டு, ‘யூஎஸ் சாமான், யூரோப் சாமான்’ என்று பெட்டி பெட்டியாகக் காட்டுகிற வகைக் கடை. கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த வகை தெரியும்.

வாங்கியது தீபாவளிக்குக் கிட்ட. சும்மா போய் விழவில்லை. ஊரே சொல்கிற செக்கிங் எல்லாம் செய்தேன். *#06# அடித்து ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள இலக்கத்தை எடுத்து, IMEI என்று ஆங்கிலத்தில் போட்டு, இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறது என்று பதில் வந்தது. பட்டரி ஹெல்த் 87. அபவுட்டுக்குள் போய்ப் பார்த்தேன், திரையும் பட்டரியும் மாற்றியதாக ஒன்றும் இல்லை. பழைய ஆளின் ஐக்ளவுட் கணக்கும் இல்லை. கடையில் வேலை செய்கிற பெடியன் ஒருவன் பக்கத்தில் நின்று, “நல்லா செக் பண்ணுங்க அக்கா, நம்ம கடையில ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிளேன்டீயும் எடுப்பித்துத் தந்தான்.

அப்போதுதான் கேட்டேன், “தம்பி, ஒருக்கா ரீசெட் பண்ணிப் பாப்பமா?”

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “என்னத்துக்கு அக்கா? நேத்துத்தான் ஃபுல்லா ரீசெட் அடிச்சு வெச்சது. திரும்ப அடிச்சா கடை வைஃபையில ஒரு மணித்தியாலம் இழுக்கும். நீங்க டீயக் குடிங்க, நானே செட் பண்ணித் தாறன்.” சொன்னபடி பழைய போனிலிருந்து நம்பர்களை ஏற்றினான், வட்ஸ்அப்பை மாற்றினான், டெம்பர் கண்ணாடியை ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான், அதற்குக் காசும் வாங்கவில்லை. கார்ட் என்றால் மேலதிகமாக வரும் என்றான், அதனால் காசாகவே 138,000. பில் கேட்டேன், தந்தான். கடை வாரண்டி மூன்று மாதம்.

அந்த ‘நானே செட் பண்ணித் தாறன்’தான் வேலையே. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. கொம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக போன் வாங்கும்போது, ஒவ்வொரு போனின் சீரியல் இலக்கத்தையும் ஆப்பிளின் பதிவில் தங்கள் பெயரில் ஏற்றிவைக்கலாம். அப்படி ஏற்றிய போனை அழித்துவிட்டு புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது இன்டர்நெட்டில் ஆப்பிளிடம் ‘நான் யாருடையவன்’ என்று கேட்கும். கொம்பனி தன் பதிவிலிருந்து விடுவிக்கும்வரை பதில் மாறாது. ஐஎம்இஐ சுத்தமாக இருக்கலாம், ஐக்ளவுட் வெறுமையாக இருக்கலாம். இது அவை இரண்டும் இல்லாத மூன்றாவது பூட்டு. ஐக்ளவுட் பூட்டென்றால், அதாவது பழைய ஆளின் ஆப்பிள் கணக்கு போட்ட பூட்டென்றால், முதல் வாங்கிய பில்லைக் காட்டி ஆப்பிளிடம் முறையிடவாவது வழி உண்டு. இதை ஆப்பிளே கழற்றித் தராது, அந்தக் கொம்பனிதான் விட வேண்டும்.

இந்தக் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றைப் போட்டு அந்தக் கேள்வியைத் தாண்ட வைக்கிறார்கள். பைபாஸ் என்பார்கள். போன் சாதாரணமாக வேலை செய்யும், அப்டேட் கூடப் போகும். வாங்குபவர் முழுதாக அழிக்கும் நாள் வரைக்கும்தான் அந்த நாடகம். வாடகை வீட்டைச் சொந்த வீடென்று விற்றுவிட்டு, உண்மையான சொந்தக்காரன் வரும்வரை வாங்கினவனை நிம்மதியாக இருக்க விடுவது போல.

எனக்கு அந்த நாள் நத்தார் லீவில் வந்தது. அக்காவின் சின்னவன் போனை எடுத்து பாஸ்கோடை மாறி மாறி அமத்தி, ‘ஐபோன் அன்அவைலபிள்’ என்று வரும்வரை விடவில்லை. அழித்துவிட்டுப் பேக்கப்பிலிருந்து எடுப்போம் என்று என் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டைக் கொடுத்து அழித்தேன். ‘ஹலோ’ வந்தது, மொழி கேட்டது, வைஃபை கேட்டது. அதன்பிறகு அந்தக் கொம்பனியின் பெயர்.

இனி கடைக்காரரின் கதை.

முதல் நாள்: “அக்கா, ஆப்பிள் சேர்வர் டவுன். நாளைக்குச் சரியாயிடும்.” பிறகு: “பொஸ் துபாய் போயிட்டார், வந்தோன கதைக்கிறம்.” பிறகு அதே பொஸ், துபாயில் இருக்கிற பொஸ், இரவு லைவில் நின்று புதிய லொட் காட்டினார். நான் கொமண்ட்டில் என் பில் இலக்கத்தைப் போட்டேன். கொமண்ட் காணாமல் போனது. அடுத்ததாக: “பிள்ள என்னமோ அமத்தி இருக்கு, கஸ்டமர் டமேஜ்.” ஒரு குழந்தை விரலால் அமத்தி அமெரிக்கக் கொம்பனியொன்றைப் போனுக்குள் கொண்டுவந்துவிட்டதாம்.

நேரே போனேன். “இது சொஃப்ட்வெயார் பிரச்சின அக்கா. சொஃப்ட்வெயாருக்கு வாரண்டி இல்ல. பில்லுக்குப் பின்னால பாருங்க.” பார்த்தேன். எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாங்கும்போது பில்லின் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டி, மடித்துப் பெட்டிக்குள் வைத்துத் தந்தார்கள்.

அதன்பிறகு சொன்னானே ஒன்று, அதை நினைத்தால் இப்பவும் கை நடுங்குகிறது. “25,000 தாங்க அக்கா, பைபாஸ் அடிச்சுத் தாறம்.”

“அப்ப முதல் தரமும் நீங்கதானே அடிச்சது?”

பதில் இல்லை. பக்கத்தில் நின்ற கஸ்டமரிடம் திரும்பி, “உங்களுக்கு என்ன கலர் பாக்கிறீங்க?” என்றான்.

வேண்டுமென்றால் போனை விட்டுப் போகச் சொல்லி ஒரு சீஆர் கொப்பியைத் தள்ளினார்கள். அதில் பெயர், போன் மாடல், பாஸ்கோட் என்று மூன்று நிரல். எனக்கு மேலே ஒரு பெண்ணின் பெயரும் ஆறு இலக்கமும் பச்சைப் பேனையில். பார்த்தாலே பிறந்த திகதி என்று தெரிகிறது. இன்னொருவர் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டையே எழுதிவைத்திருக்கிறார். கொப்பி கவுண்டரில் திறந்தபடி கிடக்கிறது, வருகிற போகிற எல்லோரும் பார்க்கலாம். போனுக்குள் வங்கி அப் இருக்கும், வீட்டுப் படங்கள் இருக்கும், வட்ஸ்அப்பில் குடும்பக் கதை முழுக்க இருக்கும். நான் எழுதவில்லை, போனையும் விட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை வங்கி, மெயில், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றியதுதான். இவர்கள் பைபாஸ் அடித்தபோது போனுக்குள் வேறு என்ன வைத்தார்கள் என்று யார் கண்டது?

அந்தக் கொம்பனிக்கு சீரியல் இலக்கத்தைப் போட்டு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. திருடுபோன போனாகக் கூட இருக்கலாம், அவர்களையும் பிழை சொல்ல ஏலாது. தற்செயலாக அவர்களின் பாஸ்வேர்டே கிடைத்து உள்ளே போனாலும் போன் என்னுடையது ஆகாது. அவர்கள் நினைத்த நேரம் பூட்டலாம், அழிக்கலாம், தொலைந்த போன் என்று குறித்துவிட்டு எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். மெசேஜையும் படத்தையும் வாசிக்க முடியாது என்பது மட்டும்தான் ஆறுதல்.

இழுத்தடிப்பு ஏன் என்பது எனக்கு நேற்றுத்தான் விளங்கியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கடை வாரண்டியும் மூன்று மாதம். சேர்வர் டவுன், துபாய், நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை கோல் எடுக்கிறோம் என்று பொங்கல் வரை கொண்டுவந்து விட்டார்கள். நேற்று வட்ஸ்அப்பில் அந்தச் சட்டத்தைச் சொன்னேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதன்பிறகு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். 138,000 ரூபாவை வாங்கிக்கொண்டு!

என்ன செய்ய வேண்டும் என்று நிறைய எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவுதான்.

காசு கொடுக்க முன் போனை உங்கள் கையால் முழுதாக அழியுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், கடைசியில் ரீசெட், அதற்குள் ‘இரேஸ் ஓல் கன்டென்ட்’. பிறகு உங்கள் சொந்த ஹொட்ஸ்பொட்டில் ஹோம் திரை வரும்வரை நீங்களே கொண்டுபோங்கள். ‘நேற்று அழித்தது’ என்றால் இன்றைக்கும் அழிக்கலாம்தானே. விடாவிட்டால் எழும்பி வாருங்கள். டீ குடித்த கடமைக்கு வாங்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டிலும் இது மாதிரி ஒன்று இருக்கிறது, தவணைக் காசு கட்டாத போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் முறை. அதையும் அழித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பாஸ்கோடை எந்தக் கடைக் கொப்பியிலும் எழுதாதீர்கள்.

பில்லின் பின்பக்கத்தை அங்கேயே வாசியுங்கள். பிரச்சினை வந்தால் மூன்று மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாவனையாளர் அதிகார சபையின் 1977க்கு அடியுங்கள், எழுத்தில் கொடுங்கள். கடைக்காரன் ‘நாளைக்கு’ என்றால் அன்றைக்கே கொடுங்கள்.

என்னுடைய முறைப்பாட்டை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பில் கொப்பி, அந்தத் திரையின் படம், ‘25,000 தாங்க’ என்று பிறகு அனுப்பிய வொய்ஸ் மெசேஜ், எல்லாம் சேர்த்து. நாளைக் காலை கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்பொக்ஸில் கடைப் பெயர் கேட்காதீர்கள். இதே மாதிரித் திரை வந்த வேறு யாராவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள், இரண்டு மூன்று முறைப்பாடாகச் சேர்த்துக் கொடுப்போம்.